ஆள வந்தவரும் ஆராய வந்தவரும்

அறிவைக் கொண்டு வருபவன் நம்மை அடிமை கொண்டவனாயிருப்பின், அவ்வறிவை ஏற்பது அறமா, மறுப்பது அறமா? இவ்வினா பழமையானது. எனினும் இன்று அது நம் இல்லங்களுக்குள் புதிய வடிவில் நுழைந்துள்ளது. கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகள், திருக்குர்ஆன் தொகுக்கப்பட்ட வரலாற்றையும் ஹதீஸ்களின் நம்பகத்தையும் பற்றி ஐரோப்பியர் எழுதியவற்றைப் பாடமாகவே படிக்கின்றனர். ஐயம் தோன்றி நம்மிடம் வந்து வினவுகின்றனர். அவ்வேளை நம்மவர் தரும் விடை பெரும்பாலும் இரண்டே. “அவையெல்லாம் இஸ்லாத்தின் பகைவர் எழுதிய நஞ்சு, தொடாதே” என்பர் சிலர். “அவர்கள் விஞ்ஞான முறையில் ஆராய்ந்தவர்கள், நம் உலமாக்கள் கேட்டதைத் திருப்பிச் சொல்பவர்கள்” என்பர் வேறு சிலர். இவ்விரு விடையும் பிள்ளையின் ஐயத்தைத் தீர்ப்பதில்லை. முன்னது அவன் வாயை அடைக்கிறது. பின்னது அவன் வேரை அறுக்கிறது.

ஆதலின் இப்பொருளைச் சற்றுப் பொறுமையுடன் நோக்குதல் நம் கடனாகும்.

சட்டமாகச் சுருங்கிய ஷரீஅத்

ஆட்சிக்கும் ஆய்வுக்கும் தொடர்பே இல்லை என்று கூறுவோர் முதலில் நம் நாட்டு வரலாற்றையே படித்தல் வேண்டும். 1772ஆம் ஆண்டில் வங்காளத்தை ஆண்ட வாரன் ஹேஸ்டிங்ஸ், திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் முஸ்லிம்களுக்குக் குர்ஆனின் சட்டப்படியே தீர்ப்பளிக்க வேண்டுமென விதித்தார். கேட்பதற்கு நல்லதாகவே தோன்றும். ஆனால் தீர்ப்பளிக்கும் ஆங்கிலேயருக்கு அரபு தெரியாது. மௌலவிகளை நம்பியிருக்கவும் அவர்களுக்கு விருப்பமில்லை. எனவே நூல் ஒன்று தேவைப்பட்டது. இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் யாத்த ‘ஹிதாயா’ தேர்ந்தெடுக்கப்பட்டது. கம்பெனியின் படை அதிகாரியாயிருந்த சார்ல்ஸ் ஹாமில்டன் அதனை ஆங்கிலமாக்கி 1791இல் வெளியிட்டார். அவர் அரபு மூலத்திலிருந்து நேராகப் பெயர்க்கவில்லை. கம்பெனியின் ஏற்பாட்டில் செய்யப்பட்ட பாரசீக மொழிபெயர்ப்பிலிருந்தே பெயர்த்தார். அந்தப் பாரசீகப் பெயர்ப்பிலோ விளக்கவுரைகளும் மூலத்தோடு கலந்திருந்தன.

இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஹிதாயாவின் தொடக்கத்தில் தூய்மை, தொழுகை, நோன்பு, ஹஜ்ஜு ஆகிய பாடங்கள் அமைந்துள்ளன. வணக்கத்தில் தொடங்கி வாணிபத்திற்கு வருவதே நம் ஃபிக்ஹு நூல்களின் முறை. இறைவன் முன் நிற்கக் கற்றவனே மனிதர்க்கிடையே நீதியோடு நடக்கக் கற்பான் என்பது அவ்வமைப்பின் உட்கருத்து. ஹாமில்டனின் நூலில் ஸகாத்தைத் தவிர அவ்வணக்கப் பாடங்கள் இடம்பெறவில்லை. நீதிமன்றத்திற்குத் தொழுகை தேவையில்லையன்றோ! இங்ஙனம் ஷரீஅத் என்னும் வாழ்க்கைநெறி, வழக்காடுவோர் கைநூலாகச் சுருங்கியது. 1870இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு, சட்டம் பயிலும் மாணவர்க்கெனவே செப்பம் செய்யப்பட்டது.

நூல் கைக்கு வந்தபின் ஆலிம் எதற்கு? நீதிமன்றங்களில் நீதிபதிக்குத் துணையாயிருந்த முஸ்லிம் சட்ட அலுவலர் பதவிகள் 1864இல் நீக்கப்பட்டன. ஆசிரியரிடமிருந்து நூல் பிரிந்தது. சூழலிலிருந்து சொல் பிரிந்தது.

இதன் விளைவை நம் குடும்பங்கள் நேரில் கண்டன. தன் சந்ததியினர்க்குப் பயன்படுமாறு ஒருவர் வக்ஃபு செய்யலாம் என்பது நம் இமாம்கள் ஏற்ற விதி. ஏழைகளுக்குச் சேரும் பயன் வெகு தொலைவில் இருப்பதால் அத்தகைய வக்ஃபு செல்லாது என இலண்டன் பிரிவி கவுன்சில் 1894இல் தீர்ப்பளித்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குடும்பத்தார்க்குச் செய்யும் ஈகையைச் சிறப்பித்த பொன்மொழிகளை நீதிபதி அமீர் அலி எடுத்துக்காட்டியிருந்தும், அக்கவுன்சில் அவற்றை ஏற்கவில்லை. எத்தனையோ குடும்பங்களின் அறக்கட்டளைகள் நிலைகுலைந்தன. அல்லாமா ஷிப்லி போன்றோர் முயன்றனர். ஜின்னா அவர்கள் சட்டமன்றத்தில் கொணர்ந்த மசோதா 1913இல் சட்டமான பின்னரே அத்தீர்ப்பின் கேடு நீங்கியது.

மூன்றாண்டுகள் கழித்து, 1897இல், அதே கவுன்சில் மற்றொரு வழக்கைக் கேட்டது. விதவையின் ஓராண்டுப் பராமரிப்பைப் பற்றி அல்பகறா அத்தியாயத்தில் வரும் வசனத்திற்கு, பண்டைய விரிவுரையாளர் கூறியதற்கு மாறாக நீதிமன்றம் தானே பொருள் காணலாகாது என்று அது கூறியது. அம்முடிவு பிழை என்பது நம் கருத்தன்று. நம் முஃபஸ்ஸிர்களுள் பெரும்பாலோர் கருத்தும் அதுவே. நாம் வினவுவது இதுதான்: முஃப்திகளை வெளியேற்றிய மன்றத்திற்கு, எது பண்டைய விரிவுரை, எது இறுதி முடிவு என்று அறுதியிட உரிமை வந்தது எங்ஙனம்? ஒரு வழக்கில் ஃபுகஹாக்களின் முடிவு ஒதுக்கப்படுகிறது. மற்றொரு வழக்கில் அதுவே அசையாத தூணாக நிறுத்தப்படுகிறது. எதைத் திறப்பது, எதைப் பூட்டுவது என்னும் திறவுகோல் ஆள்பவர் கையில் இருந்தது. ஆதிக்கம் நம் வேத ஆய்வில் செய்த முதற் கேடு இதுவே.

அரசாங்க மேசையிலிருந்து எழுதிய வரலாறு

சட்டத்தோடு இது நிற்கவில்லை. வடமேற்கு மாகாணங்களில் உயர் அதிகாரியாயிருந்த வில்லியம் மியூர், கிறித்தவப் பிரசாரகர் ஃபான்டரின் வேண்டுகோளை ஏற்று, நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை நான்கு தொகுதிகளாக எழுதி 1858க்கும் 1861க்கும் இடையே வெளியிட்டார். அவர் இப்னு ஸஅது, தபரி முதலிய மூலநூல்களைப் பயன்படுத்தியவரே. ஆனால் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதில் அவர் பிடித்த அளவுகோல் ஒருபுறம் சாய்ந்திருந்தது. பெருமானார்க்குக் குறை கற்பிக்கும் செய்தியாயின் அதன் பலவீனம் அவர் கண்ணிற்படவில்லை. புகழ் சேர்க்கும் செய்தியாயின் அது பிற்காலத்தார் கற்பனையாகத் தோன்றியது.

ஸர் ஸய்யித் அஹ்மத் கான் அதனைப் படித்து வருந்தினார். வருந்தியதோடு அமையவில்லை. 1869இல் இலண்டன் சென்று, அங்குள்ள நூலகங்களில் அமர்ந்து, பெரும் பொருட்செலவில் மறுப்புக் கட்டுரைகள் எழுதி 1870இல் வெளியிட்டார். மியூரோ அப்போது அதே மாகாணத்தின் ஆளுநர் பதவியில் இருந்தார். ஆளுநர் எழுதிய நூலை ஆளப்படுபவர் மறுத்தெழுதும் துணிவை நாம் போற்றுகிறோம். ஆனால் தம் நபியின் வரலாற்றை எழுத ஓர் இந்திய முஸ்லிம் இலண்டன் நூலகத்தை நாட வேண்டியிருந்ததேன் என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

அதற்கு விடை நம் மண்ணிலேயே உண்டு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது திப்பு சுல்தானின் நூலகம் கம்பெனியின் கைக்குப் போயிற்று. ஏறத்தாழ 2000 சுவடிகள். அவற்றுக்குச் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் 1809இல் விவரப் பட்டியல் வெளியிட்டார். டில்லிக் கல்லூரியின் முதல்வராயிருந்த ஸ்பிரெங்கர், அவத் அரசரின் நூலகங்களைப் பார்வையிட்டு 1854இல் ஒரு பட்டியல் அச்சிட்டார். தாம் திரட்டிய அரிய சுவடிகளை நாடு திரும்பும்போது கொண்டு சென்றார். அவை பெர்லின் நூலகத்தைச் சேர்ந்தன. சுவடிகள் கடல் கடந்தன. அவற்றைப் படிக்கும் உரிமையும், அவற்றைப் பற்றிப் பேசும் அதிகாரமும் உடன் கடந்தன.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு. டச்சு நாட்டு அறிஞர் ஸ்நூக் ஹுர்க்ரோன்யே 1885இல் அப்துல் கஃப்பார் என்னும் பெயருடன் மக்கா நகரில் தங்கி, அங்குள்ள உலமாக்களுடனும் ஜாவா ஹாஜிகளுடனும் பழகினார். பின்னர் டச்சு ஆட்சியின் கீழிருந்த இந்தோனேசியத் தீவுகளுக்கு ஆலோசகராகச் சென்றார். முஸ்லிம்களின் வணக்கத்தில் தலையிடாதீர். அவர்களின் அரசியல் எழுச்சியை மட்டும் இரக்கமின்றி ஒடுக்குவீர் என்பது அவர் தந்த அறிவுரையின் சாரம். சுதந்திரத்திற்காகப் போரிட்ட ஆச்சே மக்களை அடக்க அவருடைய இஸ்லாமிய அறிவு பயன்பட்டது. ஒரு சமுதாயத்தின் உள்ளத்தை அறிய அதன் வேதத்தைக் கற்று, கற்றதைக் கொண்டு அச்சமுதாயத்தை வீழ்த்துவது அறிவுக்குச் செய்யும் துரோகம். இதனை மென்மையான சொல்லால் மறைக்க வேண்டியதில்லை.

கணக்கு இத்துடன் முடிவதில்லை

இவ்வளவும் உண்மை. ஆயினும் இவ்வளவோடு நிறுத்தினால் நாம் நீதி செய்தவராக மாட்டோம்.

குர்ஆனின் வரலாற்றை எழுதி 1860இல் வெளியிட்ட நோல்டெகே ஜெர்மானியர். அன்று ஜெர்மானியர்க்கு முஸ்லிம் நாடு எதுவும் குடியேற்ற நாடாக இருந்ததில்லை. ஹதீஸ்களின் நம்பகத்தை 1890இல் கடுமையாக ஐயுற்று எழுதிய கோல்ட்ஸிஹரோ ஹங்கேரி நாட்டு யூதர். அவர் 1873–74இல் அல்அஸ்ஹரில் உலமாக்களின் காலடியில் அமர்ந்து பயின்றவர். ஐரோப்பிய ஆதிக்கத்தை வெறுத்தவர். ஜமாலுத்தீன் ஆஃப்கானியுடன் பழகியவர். அவர் எந்த அரசுக்கும் ஒற்றரல்லர். எனினும் பிற்காலத்தார் ஹதீஸ் கலையின்மீது தொடுத்த தாக்குதல் பலவற்றுக்கும் அவர் நூலே ஊற்று.

மறுபுறம் நோக்குவோம். ஆச்சேயை அடக்க ஆலோசனை கூறிய ஸ்நூக், பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருந்தார். அவர் வகித்த இடத்திற்கு 1927இல் வந்தவர் அவர் மாணவர் வென்சிங்க். ஆறு ஸஹீஹ் நூல்களுடன் முவத்தா, தாரிமீ, முஸ்னது அஹ்மத் ஆகியவற்றையும் சேர்த்து, ஒன்பது நூல்களின் சொற்களுக்கும் அகரவரிசை அமைக்கும் பெரும்பணியைத் தொடங்கியவர் இவரே. 1936 முதல் வெளிவந்த அந்த ‘முஃஜம்’, ஹதீஸைத் தேடும் ஆலிம்களுக்குப் பெருந்துணையாயிற்று. எகிப்து அறிஞர் முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாகீ அதில் பங்கு கொண்டு உழைத்தார். அவரே திருக்குர்ஆனுக்குச் சொல்லடைவு தொகுத்தபோது, ஜெர்மானியர் ஃப்ளூகல் 1842இல் வெளியிட்ட அடைவை அடிப்படையாகக் கொண்டு, அதன் பிழைகளைத் திருத்தினார். இன்று ஒரு வசனத்தைத் தேடி அந்நூலைப் புரட்டும் மௌலவி எவரும் அதைப் பாவமாகக் கருதுவதில்லை, கருத வேண்டியதுமில்லை.

ஆக, நம்மவரோடு நட்புப் பூண்டவரிடமிருந்து நாம் ஏற்க இயலாத முடிவு வந்தது. நம்மை ஒடுக்கத் துணைபோனவரின் மாணவரிடமிருந்து நாம் நாள்தோறும் கையாளும் கருவி வந்தது. நோக்கத்தை மட்டும் வைத்து நூலை அளப்போமானால் இரண்டிலும் தவறிவிடுவோம்.

நம் முஹத்திஸ்கள் காட்டிய வழி

இச்சிக்கலுக்குப் புதிய விடை தேடி நாம் எங்கும் அலைய வேண்டுவதில்லை. செய்தி கொண்டு வருபவன் தீயவனாயிருப்பின் என் செய்வது என்பதை அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பித்துள்ளது. அங்கே இறைவனின் ஆணை, அச்செய்தியை ஏற்றுக்கொள் என்பதன்று. தூக்கி எறி என்பதுமன்று. தெளிவாக ஆராய்ந்து கொள் என்பதே. ஆராயாமல் ஏற்றால் அறியாமையால் பிறர்க்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்று அவ்வசனம் எச்சரிக்கிறது. ஆராயாமல் மறுப்பதும் அறியாமையே.

ஸகாத்துப் பொருளுக்குக் காவலிருந்த அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு, திருட வந்து பிடிபட்டவன் ஆயத்துல் குர்ஸியின் பயனைச் சொல்லிச் சென்றான். அவன் ஷைத்தான் என்றும், பொய்யே இயல்பாகக் கொண்டவன் என்றும், ஆயினும் சொன்ன அச்செய்தி மெய்யே என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். இந்நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. ஆளைப் பற்றிய தீர்ப்பு வேறு, சொல்லைப் பற்றிய தீர்ப்பு வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், இம்ரான் இப்னு ஹித்தான் என்பவரிடமிருந்து வந்த அறிவிப்பையும் தம் ஸஹீஹில் சேர்த்துள்ளார்கள். அவர் காரிஜிய்யாக் கூட்டத்தார். ஹஸ்ரத் அலி (ரலி) அவர்களைக் கொன்றவனைப் புகழ்ந்து பாடியவர். கொள்கையில் அவர் வழிதவறியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொய்யுரைப்பதைப் பெரும்பாவமாகக் கருதிய கூட்டத்தைச் சேர்ந்தவர். கொள்கைப் பகையை வாய்மைக்கு அளவுகோலாக்காத நடுநிலை அது! அதே வேளை, ‘அஸ்மாவுர் ரிஜால்’ என்னும் கலையில் ஒவ்வோர் அறிவிப்பாளரும் யார், எவருடன் பழகினார், எதில் சார்புடையவர், அவர் நினைவாற்றல் எத்தகையது என்றெல்லாம் துருவிப் பார்த்தார்கள். சார்பை மறைக்கவுமில்லை, சார்பைச் சொல்லிவிட்டால் ஆய்வு முடிந்தது என்று எண்ணவுமில்லை.

ஐரோப்பிய ஆய்வாளர்க்கும் நாம் வழங்க வேண்டியது இந்த ஜரஹ், தஃதீல் முறையே. இவர் யார்? எவர் ஊதியத்தில் எழுதினார்? எவருக்காக எழுதினார்? மூலத்தை எவ்வளவு அறிந்தார்? எந்தச் சான்றை விட்டுவிட்டார்? இவற்றை வினவிய பின் கடைசி வினா ஒன்று எஞ்சும்: இவர் காட்டும் சான்று நிற்கிறதா, விழுகிறதா?

சான்று பேசிய இரண்டு இடங்கள்

இவ்வழியில் சென்றால் நாம் அஞ்ச வேண்டியது ஒன்றுமில்லை என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவோம்.

ஈராக்கில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த அல்போன்ஸ் மிங்கானா என்னும் கிறித்தவ அறிஞர், குர்ஆன் இன்றைய வடிவில் தொகுக்கப்பட்டது கலீபா அப்துல் மலிக் காலத்தில்தான் என 1916இல் எழுதினார். 1920களில் செல்வர் எட்வர்ட் காட்பரியின் உதவியோடு மேற்காசிய நாடுகளில் அவர் திரட்டிய சுவடிகள் பர்மிங்காம் நகரில் வைக்கப்பட்டன. மிங்கானாவின் தொகுப்பில் வேறொரு சுவடியோடு தவறாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்த இரண்டு தோல் ஏடுகளில் 18 முதல் 20 வரையுள்ள சூராக்களின் பகுதிகள் காணப்பட்டன. அத்தோலைக் கார்பன் சோதனைக்கு உட்படுத்தியபோது அதன் காலம் கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டது என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. சோதனை சொல்வது தோலின் வயதையே, எழுத்தின் வயதையன்று என்பதை நாம் மறைக்கலாகாது. ஆயினும் குர்ஆன் வெகு பின்னர்த் தொகுக்கப்பட்டது என்னும் கூற்றுக்கு அவ்வேடுகள் பெரும் இடையூறாய் நிற்கின்றன. மிங்கானா திரட்டிய பெட்டியிலிருந்தே மிங்கானாவுக்கு மறுப்பு வந்தது!

மற்றொன்று ஹதீஸைப் பற்றியது. சட்டம் பற்றிய ஹதீஸ்களுள் பெரும்பாலானவை ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் உருவானவை. அவற்றின் ஸனதுகள் பின்னோக்கி வளர்க்கப்பட்டவை என்று ஜோசப் ஷாக்ட் 1950இல் எழுதினார். ஒரு விவாதத்தில் ஒரு ஹதீஸ் எடுத்துக்காட்டப்படவில்லையெனில் அந்நாளில் அது இருந்ததில்லை என்பது அவர் வாதங்களுள் முதன்மையானது. மேலைப் பல்கலைக்கழகங்களில் அந்நூல் ஏறத்தாழ வேதவாக்காயிற்று. நம்மவர் பலர் அவரை ஏசினர். ஏச்சினால் ஒரு வரியும் அழியவில்லை.

தேவ்பந்தில் பயின்று கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்ற முஹம்மத் முஸ்தபா அஃஸமி, தொடக்கக் கால ஹதீஸ் ஏடுகளைத் தேடித் தொகுத்து 1968இல் நூலாக்கினார்; 1985இல் ஷாக்டின் நூலை வரிவரியாக ஆராய்ந்து மறுத்தார். ஹைதராபாத்தில் பிறந்த முஹம்மத் ஹமீதுல்லாஹ், அபூஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் ஹம்மாம் இப்னு முனப்பிஹ் எழுதிவைத்த ஏட்டை பெர்லின், டமாஸ்கஸ் சுவடிகளிலிருந்து பதிப்பித்து 1953இல் வெளியிட்டார். இரண்டு நூற்றாண்டு நெருங்கப் பின்னர் வாழ்ந்த இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் முஸ்னதில் உள்ளவற்றோடு அது ஒத்திருப்பதை உலகம் கண்டது. உத்தரப்பிரதேசத்தின் மவ்வு என்னும் ஊரைச் சேர்ந்த மௌலானா ஹபீபுர் ரஹ்மான் அஃஸமி, அப்துர் ரஸ்ஸாக்கின் ‘முஸன்னஃப்’ நூலைச் செப்பனிட்டார். 1970களின் தொடக்கத்தில் அது 11 தொகுதிகளாக வெளிவந்தது. ஜெர்மானியர் ஹரால்ட் மோட்ஸ்கி அந்தப் பதிப்பைக் கையிலெடுத்து ஆராய்ந்தார். மக்காவில் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே ஹதீஸை ஆதாரமாகக் கொண்ட சட்ட ஆய்வு இருந்தது என்று 1991இல் நிறுவி, ஷாக்டின் கோட்டையில் பெரும் பிளவை உண்டாக்கினார். மதரஸாவில் வளர்ந்த ஒரு மௌலானா ஓசையின்றிச் செய்த பணி, ஜெர்மானியர் ஒருவர் கையில் சான்றாயிற்று. நூறு மேடைப் பேச்சுகளால் ஆகாதது, பதிப்பிக்கப்பட்ட ஒரு நூலால் ஆயிற்று.

நம் கடன்

ஆதிக்கம் நமக்குச் செய்த தீங்குகளுள் பெரியது ஒன்று, நம்மைப் பற்றிய கேள்விகளை அதுவே எழுப்பும் நிலையை உண்டாக்கியது. அதனினும் பெரிய தீங்கு, அக்கேள்விகளுக்கு மறுமொழி சொல்வதே நம் அறிவுப்பணி என்று நம்மை எண்ண வைத்தது. பிறர் கேட்பதற்கு மட்டும் விடை சொல்லிக்கொண்டிருப்பவன், நாடு விடுதலை பெற்றபின்னும் விசாரணைக் கூண்டில் நிற்பவனே. நம் முன்னோர் எவர் தூண்டியும் ரிஜால் கலையை வளர்க்கவில்லை. நாயகத்தின் பெயரால் பொய் வழங்கலாகாது என்னும் இறையச்சமே அவர்களை ஊர் ஊராக நடக்கச் செய்தது.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே. உங்கள் பிள்ளை கல்லூரியிலிருந்து ஓர் ஐயத்தைக் கொண்டு வந்தால் அவனைக் கடிந்து அனுப்பாதீர். அந்நூலின் பெயரைக் கேளுங்கள். அதன் சான்று எது என்று வினவுங்கள். விடை அறிந்த ஆலிமிடம் அவனை அழைத்துச் செல்லுங்கள். மதரஸாக்களை நடத்துவோர்க்கும் ஒரு வேண்டுகோள். புகாரி ஓதிமுடித்த மாணவன், அப்புகாரியைப் பற்றி உலகம் என்ன எழுதுகிறது என்பதையும் அறிந்து பட்டம் பெறட்டும். நம் ஊர்ப் பள்ளிவாசல் பேழைகளிலும் பழைய இல்லங்களின் பரண்களிலும் கரையானுக்கு இரையாகும் அரபு, அர்வி ஏடுகளை நாமே காக்காவிடில், நாளை வேறொருவர் எடுத்துச் செல்வார். அப்போது குற்றம் அவருடையது மட்டுமாகாது.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்று அல்மாயிதா அத்தியாயம் நமக்கு ஆணையிடுகிறது. ஆள வந்தவர் செய்த அநீதியை அநீதி என்போம். அவர் பின்னே ஆராய வந்தவர் சொன்னதை ஆராய்ந்தே கொள்வோம், ஆராய்ந்தே தள்ளுவோம். அதற்குரிய அறிவையும் நடுநிலையையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் வழங்கியருள்வானாக! ஆமீன்.